தவக்காலம் முழுக்க எரிந்த விளக்கு

மைக்கேல்ராஜுக்குக் கார் ஓட்டுவதில் ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அதே நாற்காலியில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். ஆனையூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு முதலில் சைக்கிளில் போனார், பிறகு ஸ்கூட்டரில் போனார். மழை பெய்தால் பஸ். அதற்கு மேல் ஒரு வண்டி தனக்கு எதற்கு என்றுதான் இருந்தார். வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும் சாம்பல் நிறக் கார் அவர் வாங்கியதல்ல. அவருடைய ஒரே மகள் டயானா வாங்கியது.

டயானா மெக்கானிக்கல் படித்தவள். "ஆம்பளப் பசங்க படிக்கிற படிப்பு உனக்கு எதுக்கு பாப்பா?" என்று அவர் கேட்டதற்கு, "அப்ப ஆம்பளப் பசங்கதான் கார்ல போகணுமாப்பா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள். கோயம்புத்தூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலை. லீவுக்கு வீட்டுக்கு வந்தால் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். அம்மா ஜோசபின் சீயக்காய்த் தூளைக் கையில் கொட்டித் தேய்த்துவிடுவாள். "வண்டிக்கு அடியில படுத்து எந்திரிச்சு வர்ற பிள்ளைய எவன் கட்டுவான்?" என்று புலம்பிக்கொண்டே தேய்ப்பாள். யாரோ ஒரு பணக்காரர் ஓட்டிச் சலித்துவிட்டுப்போன ஐரோப்பியக் கம்பெனி காரை டயானா வாங்கி, அதில் பாதியைத் தானே பிரித்து மாட்டி, ஒரு கிறிஸ்துமஸுக்கு ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அப்பாவுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

அடுத்த வருஷம், "உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரு விஷயம் சொல்லணும்" என்று உட்கார்ந்தாள். மைக்கேல்ராஜ் அதற்குத் தயாராக இருந்தார். பையன் யார், என்ன ஊர், என்ன சபை, சபையே இல்லையென்றாலும் பரவாயில்லை என்கிற வரைக்கும் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். டயானா சொன்னது வேறு. அடைபட்ட மடத்துக்குப் போகப்போகிறேன் என்றாள்.

பள்ளிக்கூடம் நடத்துகிற, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற சிஸ்டர்களோடுதான் அவர் காலம் முழுக்கப் பழகியிருந்தார். அவர்களாவது பஸ்ஸில் வருவார்கள், கல்யாணத்துக்கு வருவார்கள், வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பார்கள். அடைபட்ட மடம் அப்படியல்ல. உள்ளே போனால் வெளியே வருவதில்லை, வீட்டில் நல்லதென்றாலும் கெட்டதென்றாலும். செபம், வேலை, மௌனம். பெற்றவர்கள் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அரைமணி நேரம் பார்த்துவிட்டு வரலாம். அதுவும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களிலும், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்திலும் அந்த அரைமணியும் கிடையாது.

"நாங்க என்னம்மா தப்பு பண்ணோம்?" என்று அவர் கேட்க நினைத்தார். கேட்கவில்லை. பங்குச் சாமியார் கையைப் பிடித்து, "கொடுத்து வச்சவர்யா நீர்" என்றபோது தலையை ஆட்டினார்.

மடம் மேலூர் தாண்டி இருந்தது. கல்குவாரிகளைக் கடந்து, வயல்களுக்கு நடுவே போகிற ஒரு தார் ரோட்டின் முடிவில் ஓங்கிய மதில். மடத்தில் சேரப் போன அன்று டயானாதான் காரை ஓட்டினாள். மதிலுக்கு வெளியே புளியமர நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, சாவியை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். "ஆயிலை மட்டும் பாத்துக்கிருங்கப்பா" என்றாள். அப்புறம் சின்னக் கதவு திறந்தது, மூடியது. திரும்பி வரும்போது நாலுவழிச் சாலையில் முதல்முறையாக மகள் துணையில்லாமல் அவர் ஓட்டினார். லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. பக்கத்தில் ஜோசபின் செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். ஒத்தக்கடை வந்து யானைமலை கண்ணுக்குத் தெரிந்தபோதுதான், கண்ணாடி மங்கலாக இல்லை, தன் கண்தான் நிறைந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மாதந்தோறும் இருவரும் போனார்கள். உள்ளே அவளுக்கு சிஸ்டர் மரிய அமலி என்று பேர் மாற்றியிருந்தார்கள். மைக்கேல்ராஜுக்கு அந்தப் பேர் நாக்கில் வரவில்லை. வாசல் சிஸ்டரிடம் "எங்க பிள்ளையப் பாக்க வந்திருக்கோம்" என்றே சொல்லிச் சமாளித்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் மகள் வந்து உட்கார்ந்ததும் ஜோசபின் ஆரம்பித்துவிடுவாள். தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, பங்குக் கோயிலில் புதுசாக என்ன கட்டுகிறார்கள், கத்தரிக்காய் விலை, பக்கத்து வீட்டு நாய். மூச்சு விடாமல் பேசுவாள். டயானா சிரித்துக்கொண்டே கேட்பாள். மைக்கேல்ராஜ் பார்த்துக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் எழுந்து வருவார். காரில் ஏறியபிறகுதான், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று நினைப்பார்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து சில நாளில் அந்த விளக்கு எரிந்தது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகம் காட்டுகிற கண்ணாடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்கு இரண்டு பக்கமும் விட்டுவிட்டுக் கோடுகள். அவர் பயந்துபோய் ஓரம் கட்டி, ஆனையூரில் பட்டறை வைத்திருக்கும் செல்வக்குமாருக்குப் போன் போட்டார். செல்வக்குமார் வந்து பார்த்துவிட்டு, "பிரேக் பேட் தேஞ்சா எரியுற லைட்டுண்ணே. மெதுவா பட்டறைக்குக் கொண்டாங்க" என்றான். முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தான். சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்துகிற அந்தக் கட்டைகள் இரண்டும் நல்ல கனமாகவே இருந்தன.

"பாதிக்கு மேல இருக்குண்ணே. இன்னும் ரொம்ப தூரம் ஓடும். லைட்டு பொய் சொல்லுது."

"பொய் சொல்லுமா?"

"பேட்டுக்குள்ள சின்னதா ஒரு வயரு போகும். பேட் தேஞ்சு அந்த வயரு அந்துபோனா லைட்டு எரியணும். அதான் கணக்கு. இங்க பேட் நல்லா இருக்கு, லைட்டு சும்மா எரியுது. எங்கயாச்சும் அழுக்கு அடைஞ்சிருக்கும்."

வயர் சேருகிற இடத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினான். விளக்கு அணைந்தது. மறுநாள் காய்கறி வாங்கப் போகையில் மறுபடியும் எரிந்தது. மறுபடி துடைத்தான். மறுபடி எரிந்தது. கடைசியில் செல்வக்குமார், "அண்ணே, பிரேக் நல்லா இருக்கு, அதுக்கு நான் கேரண்டி. மனசுக்கு உறுத்தலா இருந்தா அந்த எடத்துல கறுப்பு டேப்பை ஒட்டிவிட்ருவோம்" என்றான். மைக்கேல்ராஜுக்கு அது பிடிக்கவில்லை. அது டயானாவின் வண்டி. அவள் இருந்திருந்தால் டேப் ஒட்ட விட்டிருப்பாளா என்று நினைத்துக்கொண்டு விளக்கை எரியவிட்டே ஓட்டினார்.

பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமைக்கு ஜோசபினால் வர முடியவில்லை. முழங்கால் வீங்கிக் கிடந்தது. "நீங்க மட்டும் போங்க. நான் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள். அவர் தனியாகக் கிளம்பினார். வழி நெடுக என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனார். நல்லாச் சாப்பிடுறியா, தூங்குறியா, உடம்புக்கு வந்தா யாரு பாக்குறா. நாங்க என்ன தப்பு பண்ணோம் என்று இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்த அந்த இன்னொரு கேள்வியையும் இன்றைக்குக் கேட்டுவிடுவது என்றுகூட இருந்தார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் வந்து உட்கார்ந்தாள். கைகள் இரண்டும் அங்கியின் அகலமான கைகளுக்குள் மறைந்திருந்தன.

"அம்மா வரலையாப்பா?"

"முழங்கால் வலி. உன்னயக் கேட்டதாச் சொல்லச் சொன்னா."

"ஆண்டவர்கிட்ட வேண்டிக்கிறேன்."

மின்விசிறி சுற்றியது. வழியில் சேர்த்து வைத்த ஒன்றும் வாய்க்கு வரவில்லை. இப்படியே மணி அடித்துவிடும் என்று அவருக்குப் பதறியது.

"கார்ல ஒரு லைட்டு எரியுது பாப்பா" என்றார்.

அதைத்தான் சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. டயானா தலையை நிமிர்த்தினாள்.

"என்ன லைட்டு?"

"ஆரஞ்சு கலர். வட்டமா. ரெண்டு பக்கமும் கோடு கோடா."

"பிரேக் பேட். பேட் எம்புட்டு இருக்கு, பாத்தீங்களா?"

"பாதிக்கு மேல இருக்குன்னான் செல்வக்குமார். வயர் சேருற எடத்தையும் ரெண்டு மூணு வாட்டி தொடச்சுட்டான். எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு."

"எப்ப எரிய ஆரம்பிக்குது?"

"இப்பக்கூட எரிஞ்சுக்கிட்டுத்தான் வந்துச்சு."

"அது இல்லப்பா." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். கைகள் வெளியே வந்துவிட்டன. "ஒருவாட்டி எரிஞ்சிருச்சுன்னா சாவிய அணைச்சுப் போடுற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அதனால அது எரியத் தொடங்குற அந்த நிமிஷத்தப் பாக்கணும். வண்டிய எடுத்த உடனேயா? பிரேக்கை மிதிக்கும்போதா? மேடு பள்ளத்துல தூக்கிப் போடும்போதா? ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதா? ஒடிக்கும்போதுன்னா எந்தப் பக்கம்?"

பேசும்போது ஒரு கையைச் சக்கரமாகவும் இன்னொரு கையின் விரலை வயராகவும் வைத்துக் காட்டினாள். சாப்பாட்டு மேசையில் கரண்டியையும் தட்டையும் வைத்து இப்படித்தான் எதையாவது விளக்குவாள். மைக்கேல்ராஜ் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகங்கள் வெள்ளையாக, சுத்தமாக இருந்தன.

"கவனிக்கலையே பாப்பா."

"கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க."

மணி அடித்தது. அவள் சட்டென்று எழுந்தாள், கைகளை உள்ளே விட்டுக்கொண்டாள், தலை தாழ்த்திக் கும்பிட்டுப் போய்விட்டாள்.

வந்து சொல்லுங்க என்றாளே. இரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. போனால் சந்தோஷப்படுவாள், போகாவிட்டாலும் இருந்துகொள்வாள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருந்தது. இன்றைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். மனசு நிறைந்து வெளியே வந்தவரிடம் வாசல் சிஸ்டர், "இனிமே ஈஸ்டர் முடிஞ்சுதான் வரணும் ஐயா. விபூதிப் புதனோட தவக்காலம் தொடங்குதுல்ல" என்றார். தவக்காலத்தை அவர் மறந்தே போயிருந்தார்.

அந்த வாரங்களில் மைக்கேல்ராஜ் ஓட்டியதுபோல அவர் வாழ்நாளில் ஓட்டியதில்லை. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை மடத்துக்கும், எப்போதாவது ஆஸ்பத்திரிக்கும்தான் கார் கிளம்பும். இப்போது காலையில் பூசை முடிந்த கையோடு சாவியை எடுத்துவிடுவார். மேலூர் வரை நேர்ரோட்டில் போனார். எரியவில்லை. நடுரோட்டில் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தி, பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எரியவில்லை. மேடு பள்ளம் பார்ப்பதற்காகத் திருமங்கலம் தாண்டிப் பேரையூர்ப் பக்கம் போனார். கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடிந்து செடிகள் காய்ந்து நின்றன. ரோட்டில் பள்ளம் இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. வண்டி குதித்துக் குதித்துப் போயிற்று, விளக்கு எரியவில்லை. ஒரு பெட்டிக்கடையில் கலர் குடித்துவிட்டு, வந்த வழியே போவதற்காக வண்டியை வலது பக்கம் முழுசாக ஒடித்துத் திருப்பினார்.

எரிந்தது.

அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்துப் பெட்டிக்கடைக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது. சாவியை அணைத்துப் போட்டு மறுபடி ஒடித்தார், மறுபடி எரிந்தது. இன்னொருமுறை அணைத்துப் போட்டு இடது பக்கம் ஒடித்தார், எரியவில்லை. "வலது பக்கம், முழுசா ஒடிக்கும்போது" என்று வீடு வந்து சேரும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு நாள், டயருக்குக் காற்று அடிக்கப் பட்டறைக்குப் போயிருந்தார். செல்வக்குமார் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தான்.

"அண்ணே, அந்த லைட்டு விஷயம் எனக்குத் தூக்கமே வரல. இன்னிக்கு விடப்போறதில்ல."

வேண்டாம் என்று இவர் சொல்வதற்குள் ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டான். வயர் பாதையில் கையை வைத்து, அங்கங்கே வளைத்து, ஒரு சின்ன மீட்டரை வைத்துப் பார்த்தான். ஓர் இடத்தில் வளைத்தபோது மீட்டர் முள் விழுந்தது.

"ஆப்புட்டுருச்சுண்ணே! மேல ரப்பரு நல்லாத்தான் இருக்கு. உள்ளுக்குள்ள செம்புக்கம்பி அந்துபோயிருக்கு. நேரா இருந்தா ஒட்டிக்கிருது. வண்டிய ஒடிச்சா இழுபட்டு வெலகிருது. புது வயருக்குச் சொல்லிவிட்ருவா? நாளைக்கே மாட்டிரலாம்."

மைக்கேல்ராஜ் கார் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும் தம்பி. ஈஸ்டர் முடியட்டும்."

"ஈஸ்டருக்கும் வயருக்கும் என்னண்ணே?"

"முடியட்டுமே."

"அண்ணே, இது வெளையாட்டு இல்ல. பொய்யா எரியுற லைட்டை எரியவே விட்டோம்னா, நாளைப்பின்ன பேட் நெசமாவே தேஞ்சா எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே. வாராவாரம் வாரேன். நீயே பாத்துரு."

செல்வக்குமார் தலையைச் சொறிந்துகொண்டே சக்கரத்தை மாட்டினான். ஆனால் விஷயம் ஜோசபின் காதுக்குப் போய்விட்டது. செல்வக்குமாரே தெருவில் பார்த்து, "அக்கா, அண்ணனுக்கு என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறான். அன்றைக்கு மத்தியானம் கஞ்சியும் துவையலும் வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"காரணம் தெரிஞ்சுபோச்சாமே?"

"ம்."

"தெரிஞ்சுக்கிட்டே அந்தப் பிள்ளைகிட்டப் போயித் தெரியாத மாதிரி நிக்கப் போறீங்களா?"

"அவ கேட்டது எப்ப எரியுதுன்னு. அதுக்குத்தான் பதில் கொண்டுபோறேன். மிச்சத்த அவளே சொல்லட்டும்." அவர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "ஜோசபின், நீ அன்னிக்கு வரல. கையெல்லாம் வெளிய எடுத்துட்டா. நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டா. நம்ம பிள்ள அப்படியே வந்து உக்காந்துச்சு. இன்னும் ஒருவாட்டி பாக்கணும். அம்புட்டுத்தான்."

ஜோசபின் எழுந்து போகவில்லை.

"எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா?" என்றாள். "அங்க போனா நான் எதுக்கு நிறுத்தாமப் பேசுறேன்னு நெனைக்கிறீங்க? கத்தரிக்காய் வெலையச் சொல்லவா அம்புட்டுத் தூரம் வாரேன்? நிறுத்துனா அழுதுருவேன். அழுதா அவ அங்க நிம்மதியா இருக்க மாட்டா. அதான் பேசுறேன்."

இத்தனை நாளாகத் தனக்கு அரைமணி கிடைக்காமல் போனது இவளால்தான் என்று உள்ளுக்குள் ஒரு வருத்தம் வைத்திருந்தார் மைக்கேல்ராஜ். அது அப்போதே கரைந்துபோயிற்று. "முழங்காலுக்குத் தைலம் தேச்சியா?" என்று கேட்டார்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு இருவரும் கிளம்பினார்கள். மடத்தின் மதில் ஓரம் வெயில் கொதித்தது. பார்க்கிற அறைக்குள் மட்டும் குளிர்ச்சியாக இருந்தது. டயானா வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. ஜோசபின் "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டு, புருஷனைப் பார்த்தாள்.

"வலது பக்கம் முழுசா ஒடிக்கும்போது" என்றார் மைக்கேல்ராஜ். "நேர்ரோட்டுல இல்ல. பிரேக் மிதிச்சா இல்ல. பள்ளத்துலயும் இல்ல. பேரையூர் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டேன். வலது பக்கம் ஒடிச்சா மட்டும்தான்."

டயானா கண்ணை மூடிக்கொண்டாள். இதழ் லேசாக அசைந்தது. கண்ணைத் திறந்தபோது சிரித்துவிட்டாள்.

"வயர் உள்ளுக்குள்ள அந்துருக்குப்பா. இடது முன்சக்கரத்துல. வெளிய பாத்தாத் தெரியாது. வண்டி ஒடியும்போது இழுபடும். தொடச்சு மாட்டும்போது கொஞ்சம் அசைஞ்சு ஒட்டிக்கிரும், அதான் கொஞ்ச நேரம் அணைஞ்சுச்சு. புது வயர் போடச் சொல்லுங்க. பேட் மாத்த வேணாம்."

"அந்தச் செல்வக்குமாரும்..." என்று ஆரம்பித்த ஜோசபின், பாதியில் நிறுத்தி, "அந்தச் செல்வக்குமாருகிட்டச் சொல்லிருவோம்மா" என்று முடித்தாள்.

"நீங்களாப்பா ஓட்டுனீங்க? பேரையூர் வரைக்குமா?"

"நான்தான்."

"மேலூர் ரோட்டுல முப்பதுக்கு மேல போகமாட்டீங்களே!"

"இப்ப அறுபதுல போறேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அடங்கியபிறகு கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லணும். வருத்தப்படக் கூடாது."

"சொல்லு பாப்பா."

"தவக்காலம் பூராவும் எனக்கு அந்த வயருதான். காலைல செபத்துல சங்கீதம் பாடுறப்ப வயரு. தரையத் தொடைக்கிறப்ப வயரு. முழங்கால்ல நின்னா, வண்டிக்கு அடியில படுத்துருக்கிற மாதிரியே இருக்கு. டீசல் வாசம்கூட வருதுப்பா. மடத்துத் தலைவி மதர்கிட்டப் போயிச் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. சரி, பதில் தெரிஞ்சதும் விட்ருன்னாங்க."

மைக்கேல்ராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எதுவும் பிடிக்காம இங்க வரலப்பா. வண்டி வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள, அம்மாவ, நம்ம வீட்ட, எல்லாமே பிடிக்கும். பிடிச்சத எல்லாம் வெளிய வச்சுட்டுத்தான் உள்ள வந்தேன். ஒவ்வொரு நாளும் வெளிய வச்சுட்டுத்தான் உள்ள வாறேன். அதனால..." அவள் குரல் தணிந்தது. "அதனால அந்தக் காரை இனிமே இங்க கூட்டிட்டு வராதீங்கப்பா. ஓட்டிட்டு வாங்க. ஆனா உள்ள கூட்டிட்டு வராதீங்க."

தனக்கு மட்டும்தான் ஏக்கம், அவள் எல்லாவற்றையும் உதறிவிட்டு லேசாக இருக்கிறாள் என்றே அவர் இதுவரை நம்பியிருந்தார். அவள் மேல் அவருக்கு இருந்த கோபமும் அதுதான். அவளும் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இதே தூரத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தபோது, ஆறுதலாகவும் இருந்தது, இன்னும் அதிகமாக வலிக்கவும் செய்தது. கேட்காமல் வைத்திருந்த அந்தப் பழைய கேள்விக்கு இனி வேலை இல்லை.

"சரி பாப்பா" என்றார். "சரி பண்ணிர்றேன்."

செல்வக்குமார் புது வயர் வரவழைத்து மாட்டினான். மாட்டிவிட்டு, "ஓட்டிப் பாருங்கண்ணே" என்றான். மைக்கேல்ராஜ் பட்டறைக்கு எதிரே இருந்த காலி மனையில் வண்டியை வலது பக்கம் முழுசாக ஒடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த ஆரஞ்சு வட்டம் எரியவில்லை. இன்னொரு சுற்று. இன்னொரு சுற்று. செல்வக்குமார் பெருமையாக இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது சுற்றில், இவர் எதற்காகச் சுற்றுகிறார் என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். "போதும்ணே, நல்லாயிருச்சு" என்று கையைக் காட்டினான்.

வீட்டில் சில நாள் வெறுமையாக இருந்தது. காலையில் சாவியை எடுப்பார், எங்கே போவது என்று தெரியாமல் மாட்டிவிடுவார். அப்புறம் ஜோசபின்தான், முழங்காலுக்கு எண்ணெய் போடுகிற வைத்தியர் ஒருவர் திருமங்கலத்தில் இருப்பதாக யாரோ சொன்னார்கள் என்று கிளப்பினாள். வாரத்துக்கு ஒருமுறை போனார்கள். திரும்பும்போது எங்கேயாவது நிறுத்தி இளநீர் குடித்தார்கள். மகள் வளர்ந்த காலத்தில்கூட இருவரும் இவ்வளவு பேசியதில்லை.

மே மாதம் மடத்துக்குப் போனபோது அவரிடம் கொண்டுபோக ஒன்றும் இல்லை. ஜோசபின் தெருச் செய்திகளைச் சொன்னாள், ஆனால் நடுநடுவே நிறுத்தினாள். ஒருமுறை நிறுத்தியபோது கண் கலங்கிற்று. டயானா அதைப் பார்த்தாள். பயந்ததுபோல ஒன்றும் ஆகிவிடவில்லை. அந்த இடைவெளியில் மைக்கேல்ராஜ் கேட்டார்.

"உனக்கு உள்ள என்ன வேலை பாப்பா?"

இரண்டு வருஷமாக அவர் அதைக் கேட்டதே இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. தெரிந்துகொண்டால் அது அவள் வீடாகிவிடும் என்று ஒரு பயம்.

டயானா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அப்பம் சுடுற வேலைப்பா. பூசைக்குக் குடுக்குற அப்பம். கோதுமை மாவும் தண்ணியும்தான், வேற ஒண்ணும் சேக்கக் கூடாது. ரெண்டு இரும்புத் தட்டுக்கு நடுவுல ஊத்தி மூடணும். சூடு கொஞ்சம் ஏறுச்சுன்னா ஓரம் செவந்துரும். கொறைஞ்சா ஒட்டிக்கிரும். எனக்கு இன்னும் சரியா வரல."

"கருகுனத என்ன பண்ணுவீங்க?"

"நாங்களே தின்னுருவோம்."

"இனிப்பாவா இருக்கும்?"

"இல்லப்பா. சும்மா மொறுமொறுன்னு இருக்கும். உப்புக்கூட இருக்காது. ஆனா பசிக்கிறப்ப நல்லாருக்கும்."

"எம்புட்டு கருக்குவ?"

"அய்யோ, மொத வாரமெல்லாம் பாதிக்குப் பாதி" என்று அவள் சிரித்தாள். ஜோசபின், "வீட்டுல தோசையே கருக்குனவதானே!" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். மாவை எவ்வளவு தண்ணியாகக் கரைப்பது, அப்பத்தை வட்டமாக வெட்டுவதற்கு முன்னால் ஏன் ஈரத்துணியில் வைக்க வேண்டும், வெட்டியபின் மிச்சமாகும் ஓரங்களை என்ன செய்வார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். ஈரத்துணி விஷயத்தை அவள் சொல்லத் தொடங்கியபோது மணி அடித்தது. எழுந்து தலை தாழ்த்திக் கும்பிட்டு உள்ளே போனாள்.

வெளியே புளியமரத்தடியில் வண்டி சுட்டுக்கொண்டிருந்தது. மைக்கேல்ராஜ் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"என்னங்க யோசனை?" என்றாள் ஜோசபின்.

"ஈரத்துணியில எதுக்கு வைக்கணும்னு சொல்ல வந்தா. அதுக்குள்ள மணி அடிச்சிருச்சு."

"அடுத்த மாசம் கேட்டுக்கலாம்."

"ஆமா, கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் சாவியைத் திருப்பினார்.